கம்பியின் சுருதி

1901 டிசம்பர் 12. நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் பேய்க்காற்று. செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் சிக்னல் ஹில் குன்றின் உச்சியில் வானொலி முன்னோடி மார்க்கோனியும் அவருடைய ஆட்களும் ஒரு பட்டத்தை ஏற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்து தொங்கிய கம்பியின் நீளம் சுமார் 150 மீட்டர். அட்லாண்டிக்கின் மறுகரையில், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலுள்ள போல்டு நிலையத்திலிருந்து மூன்று புள்ளிகள், அதாவது மோர்ஸ் குறியீட்டில் ‘எஸ்’, திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டன.

மார்க்கோனி கொண்டுபோயிருந்தது, வருகிற அலைக்கு ஏற்பச் சுருதி சேர்த்துக்கொள்ளக்கூடிய புதுமாதிரி ஏற்பி. அது அன்று காலை வாரிவிட்டது. பட்டம் ஏறி இறங்கும்போதெல்லாம் கம்பிக்கும் தரைக்கும் இடையிலான மின்தேக்குத்திறன் மாறியது. சேர்த்த சுருதி சேர்த்த கணத்திலேயே கலைந்தது. அலுத்துப்போன மார்க்கோனி, சுருதியே தேவைப்படாத பழைய பாணி ஏற்பியை எடுத்து, தொலைபேசிக் குழாயைக் காதில் வைத்துக்கொண்டார். மூன்று ‘டிக்’ கேட்டது என்றார்.

கேட்டது போல்டுவின் குரலா, வளிமண்டல இரைச்சலா என்ற சண்டை நூற்றாண்டு கடந்தும் ஓயவில்லை. ஓயாததற்கு ஒரு முக்கியக் காரணம், போல்டு நிலையம் அன்று எந்த அலைநீளத்தில் பேசியது என்று யாரும் அளந்து வைக்காததுதான். பின்னாளில் சொல்லப்பட்ட எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. உலகப் புகழ்பெற்ற ஆன்டெனாவுக்கு இப்படி ஒரு கதி.

எந்தக் கம்பிக்கும் அதற்கே உரிய ஒரு சுருதி உண்டு. வீணைத் தந்திக்கு இருப்பதுபோலத்தான்: நீளத்தை மாற்றினால் சுருதி மாறும். அந்தச் சுருதியில் மின்சாரத்தைத் தட்டினால் கம்பி மனமுவந்து அதிரும். மற்ற சுருதியில் தட்டினால் முரண்டு பிடிக்கும். பாடநூல்கள் இதை ஒத்ததிர்வு என்கின்றன. 1887, 1888 ஆண்டுகளில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹ நகரில் ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளை முதன்முதலாக வசப்படுத்தியதே இந்தச் சூட்சுமத்தால்தான். பொறி எழுப்பும் கம்பிக்குச் சுருதி ஒத்த ஒரு வளையத்தைத் தள்ளி வைத்தார். வளையத்தின் மிகச் சிறிய இடைவெளியில் பொறி பறந்தது. ஆலிவர் லாட்ஜ் இதைச் ‘சின்டனி’ என்று அழைத்து, 1897இல் காப்புரிமைக்கும் விண்ணப்பித்தார். நம் ஊர்ச் சொல்லில் ‘சுருதி சேர்த்தல்’ என்பதற்கு அச்சு அசலான இணை.

ஆனால் சுருதி பாதிக் கதைதான். சுருதி சேர்ந்த கம்பியும், அதில் மின்சாரத்தை ஊட்டும் இடத்தைப் பொறுத்து, வரும் மின்னோட்டத்துக்கு வெவ்வேறு அளவில் எதிர்ப்புக் காட்டும். இதற்கு ‘இம்பீடன்ஸ்’ என்று பெயர் வைத்தவர் ஆலிவர் ஹெவிசைடு, ஆண்டு 1886. பள்ளிப் பாடநூல் அதை மின்னெதிர்ப்பு என்கிறது. ஹாம்கள் எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்களின் வாயில் எப்போதும் இம்பீடன்ஸ்தான். அதில் இரண்டு சரக்கு கலந்திருக்கும்: ஆற்றலை உண்மையிலேயே வாங்கிக்கொள்ளும் மின்தடை ஒன்று, வாங்கியதைத் திருப்பித் தந்துகொண்டே இருக்கும் மின்மறுப்பு இன்னொன்று. சுருதி சேரும் இடத்தில் மின்மறுப்பு பூஜ்யமாகிறது. மிச்சமிருப்பது மின்தடை மட்டும். சுருதி எங்கே, அங்கே எத்தனை ஓம் என்ற இந்த இரண்டு கேள்விகளுக்கு வீட்டுக் கொல்லையில் நின்றபடி விடை தேடியவர்களின் வரலாறுதான் இது.

முதல் கருவிகளில் ஒன்றைச் செய்தவர், வேடிக்கையாக, போல்டு நிலையத்தின் மின்பொறியை வடிவமைத்த அதே ஜான் ஆம்ப்ரோஸ் ஃப்ளெமிங். 1904 வாக்கில் அவர் உருவாக்கிய ‘சைமோமீட்டர்’ ஒரு நீண்ட மேசைச் சாமான். கைப்பிடியை நகர்த்தினால் கம்பிச்சுருளும் மின்தேக்கியும் சேர்ந்தே கூடும், குறையும். ஆன்டெனாவின் சுருதியோடு ஒத்துப்போகும் இடத்தில் நியான் அடைத்த கண்ணாடிக் குழாய் ஒளிரும். அந்த இடத்தில் அளவுகோலைப் படித்தால் அலைநீளம். மூன்றே ஆண்டு முன்னதாக இது சிக்னல் ஹில் சோதனைக்கு வாய்த்திருந்தால் எத்தனையோ ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதப்படாமலே போயிருக்கும்.

அமெச்சூர்கள் அளக்கத் தொடங்கியது ஆர்வத்தால் என்பதைவிடப் பயத்தால் என்பதே பொருத்தம். 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியது. அதன் எதிரொலியாக அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா கொண்டுவந்த வானொலிச் சட்டம், அமெச்சூர்கள் 200 மீட்டருக்கு மேற்பட்ட அலைநீளத்தைத் தொடவே கூடாது என்றது. அதற்குக் கீழே இருந்தது அன்று யாருக்கும் வேண்டாத தரிசு. அதுவரை ஹாம்களின் ஆன்டெனாக் கொள்கை எளிமையானது: எவ்வளவு கம்பி கிடைக்கிறதோ அவ்வளவையும் எவ்வளவு உயரத்தில் முடியுமோ அவ்வளவு உயரத்தில் கட்டு. அப்படிக் கட்டிய பெரும்பந்தல்களின் இயல்பான அலைநீளமே 200 மீட்டரைத் தாண்டிவிட்டது. கம்பியை வெட்ட மனம் வராதவர்கள் ஆன்டெனாவோடு தொடராக ஒரு மின்தேக்கியைச் சேர்த்து அலைநீளத்தைச் சுருக்கினார்கள். சுருங்கியதா என்று பார்க்க ‘வேவ்மீட்டர்’ வேண்டியிருந்தது: ஒரு சுருள், ஒரு மாறு மின்தேக்கி, ஒரு சின்ன விளக்கு.

அலைநீளம் சரி. வெளியே போகும் வலிமை? அதற்கு வெப்பக்கம்பி அம்மீட்டர். மின்னோட்டம் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பியைச் சூடாக்கும், கம்பி நீளும், முள் நகரும். ஆன்டெனா இறங்கும் இடத்தில் இதைக் கோத்து, முள் எட்டும் உச்சத்தைச் சுருதியின் உச்சம் என்று கொண்டார்கள். “எனக்கு ஆன்டெனாவில் இத்தனை ஆம்பியர்” என்பது கௌரவப் பிரச்சினையாயிற்று. இங்கேதான் இந்த வரலாறு நெடுக வரப்போகும் ஒரு தவறு முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. கருவி ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறது. அதை ஆள் எல்லாக் கேள்விக்கும் பதிலாக எடுத்துக்கொள்கிறான். ஓம் எண்ணிக்கை குறைவான இடத்தில் சிறிய ஆற்றலே நிறைய ஆம்பியரைக் காட்டும். ஓம் எகிறிய இடத்தில் பெரிய ஆற்றல்கூட முள்ளை அசைக்காது. ஆம்பியர் பெருமை பேசியவர்களில் எத்தனை பேர் மண்ணைத்தான் சூடாக்கிக்கொண்டிருந்தார்களோ!

வேண்டாத தரிசு பொன்விளையும் பூமி என்பது 1923 நவம்பரில் தெரிந்தது. பிரான்சின் நீஸ் நகரிலிருந்து லியோன் டெலுவா, அமெரிக்காவின் கனெக்டிகட்டில் இருந்த ஃப்ரெட் ஷ்னெல், ஜான் ரைனார்ட்ஸ் ஆகியோரோடு சுமார் 110 மீட்டர் அலைநீளத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டி இருவழியாகப் பேசினார். அடுத்த ஆண்டே அமெரிக்க ஹாம்களுக்கு 80, 40, 20, 5 மீட்டர் பட்டைகள் கிடைத்தன. ஒன்றுக்கொன்று இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ ஆன எண்கள். ஒரே கம்பி எல்லாவற்றுக்கும் ஆகும் என்று தோன்றும். சுருதியளவில் ஆகும்தான், ஸட்ஜமும் மேல் ஸட்ஜமும்போல. ஆனால் 80 மீட்டருக்கு அரையலை நீளத்தில் வெட்டி, நடுவில் ஊட்டினால் சுமார் 70 ஓம் காட்டும் அதே கம்பி, 40 மீட்டரில் அதே நடுவில் ஆயிரக்கணக்கான ஓம் காட்டும். சுருதி சுத்தம், ஆனால் ஆற்றல் உள்ளே போகாது. இம்பீடன்ஸ் என்ற சொல்லை ஹாம்கள் தவிர்க்க முடியாமல் சந்தித்தது இந்த இடத்தில்தான்.

ஒரு வழி, கம்பியின் நுனியில் ஊட்டுவது. செப்பலின் வான்கப்பல்களுக்காக ஹான்ஸ் பெகெரோவ் 1909இல் காப்புரிமை பெற்ற அந்த முறை ‘செப்’ என்ற செல்லப்பெயரோடு ஹாம்களிடம் வந்து சேர்ந்தது. இன்னொரு வழி, ஓம் எண்ணிக்கை தோதாக இருக்கும் புள்ளியைக் கம்பியிலேயே தேடிப் பிடிப்பது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் எவரிட்டும் அவரது சகாவும் ஒற்றைக்கம்பி ஊட்டுமுறையை ஆராய்ந்தார்கள். ஊட்டுக்கம்பியின் நெடுக மின்னோட்டம் ஏற்ற இறக்கமின்றிச் சமமாக இருந்தால், அது ஆன்டெனாவைத் தொடும் புள்ளி சரியான புள்ளி என்று பொருள். இதை ஹாம்களுக்குப் புரியும்படி ‘க்யூ.எஸ்.டி.’ இதழில் 1929 செப்டம்பரில் எழுதியவர் லோரன் விண்டம். ஆராய்ச்சி யாருடையதாக இருந்தாலும் ஆன்டெனாவுக்கு வாய்த்த பெயர் எழுதியவருடையது. இன்றும் அது விண்டம் ஆன்டெனாதான்.

அந்தக் காலத்தின் மிக அழகான அளவுமுறை 5 மீட்டர் பட்டையில் விளையாடியவர்களிடம் இருந்தது. வியன்னாவின் எர்ன்ஸ்ட் லெச்சர் 1890 வாக்கில் செம்மைப்படுத்திய முறை அது. இரண்டு கம்பிகளை இணையாக இழுத்துக் கட்டி, ஒரு முனையில் அலைபரப்பியைக் காட்டி, கம்பிகளின் மேல் ஒரு டார்ச் பல்பை மெல்ல நகர்த்திக்கொண்டு போக வேண்டும். பல்பு ஓரிடத்தில் எரியும், அணையும், மறுபடி எரியும். எரிந்த இரண்டு இடங்களுக்கு இடைத்தூரம் அரையலை. 56 மெகாஹெர்ட்ஸ் என்றால் சுமார் 2.7 மீட்டர். கண்ணுக்குத் தெரியாத அலையைத் தையற்காரர் டேப்பால் அளந்த ஒரு தலைமுறை அது. பின்னால் வந்த எந்தக் கருவியும் இவ்வளவு பச்சையாக அலையைக் காட்டியதில்லை.

பிறகு வந்தது கிரிட்-டிப். வால்வு ஒன்று அலைவுகளை எழுப்பிக்கொண்டிருக்கும்போது அதன் சுருளை இன்னொரு சுருதிச் சுற்றுக்கு அருகில் கொண்டுபோனால், சுருதி ஒத்த இடத்தில் அந்தச் சுற்று ஆற்றலைத் திருடிக்கொள்ளும். வால்வின் கிரிட் மின்னோட்டம் சட்டென்று சரியும். அந்தச் சரிவுதான் ‘டிப்’. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மில்லன், ஹீத்கிட் போன்ற நிறுவனங்கள் இதைக் கையடக்கப் பெட்டியாக விற்றன. சுருள்களை மாற்றி மாற்றிச் செருகினால் குறுகிய அலை முழுவதையும் அளக்கலாம். ஹாம் வீட்டில் இது இல்லாவிட்டால் சமையலறையில் அரிவாள்மனை இல்லாத மாதிரி.

ஆனால் ஆன்டெனாவை அளக்க அது படுத்திய பாடு கொஞ்சமல்ல. சுருளைக் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். கம்பியோ மரத்தின் உச்சியில். இறக்கிக்கொண்டு வந்து அளந்தால், தரைக்கு அருகில் வந்ததாலேயே கம்பியின் சுருதி மாறிவிடும். ஏணியில் ஏறி ஒருவர் பெட்டியைப் பிடிக்க, கீழே ஒருவர் எண்ணைக் குறித்துக்கொள்வார். அதிலும் சில சரிவுகள் ஆன்டெனாவுடையவை அல்ல, ஊட்டுக்கம்பியுடையவை. எது எதுவென்று பிரிக்கப் பழக்கம் வேண்டும். எல்லாம் சரியாக வந்தாலும் கிடைப்பது சுருதி மட்டும். எத்தனை ஓம் என்பதற்குக் கிரிட்-டிப் வாய் திறக்காது. அதற்காக 1950களில் வில்ஃப்ரெட் ஷெரரின் ‘ஆன்டெனாஸ்கோப்’ போன்ற சின்னப் பாலங்கள் வந்தன: கிரிட்-டிப்பிலிருந்து ஆற்றலை எடுத்து, ஒரு குமிழைத் திருகி, முள் பூஜ்யத்துக்கு விழும் இடத்தில் ஓம் எண்ணைப் படிக்கலாம். ஜெனரல் ரேடியோ நிறுவனத்தின் துல்லியமான பாலங்களும் இருந்தன. அவை ஒலிபரப்பு நிலையப் பொறியாளர்களின் சொத்து, ஹாம்களுக்கு எட்டாக்கனி.

இதற்கிடையே காகிதத்தில் ஒரு புரட்சி நடந்திருந்தது. அளந்த இம்பீடன்ஸ், ஊட்டுக்கம்பியின் மறுமுனையில் வேறாகத் தெரியும். அந்த மாற்றத்தைக் கணக்கிடுவது பெரும் தலைவலி. பெல் ஆய்வகத்தின் ஃபிலிப் ஸ்மித் 1939 ஜனவரியில் ‘எலெக்ட்ரானிக்ஸ்’ இதழில் ஒரு வட்ட வரைபடத்தை வெளியிட்டார். கம்பியின் வழியே நகர்வது வட்டத்தில் சுற்றுவதாக மாறியது; கணக்கு போய்க் கவராயம் வந்தது. ஜப்பானில் மிசுஹாஷி தோசாகு 1937லேயே இதே வரைபடத்தை எட்டியிருந்தார். சோவியத் நாட்டில் அமியேல் வோல்பெர்ட்டும் தனியாகக் கண்டடைந்தார். பெயர் என்னவோ ஸ்மித் வரைபடம் என்றே நிலைத்தது. விண்டம் கதைதான் மறுபடியும்.

போர் முடிந்தபோது ராணுவ உபரிச் சந்தையில் கோ-ஆக்சியல் கேபிள் மலிவாகக் கொட்டியது. தொலைக்காட்சி வந்து, பக்கத்து வீட்டுத் திரையில் ஹாமின் மோர்ஸ் கோடுகோடாக ஓடத் தொடங்கியதும், கவசமிட்ட இந்தக் கேபிள் கட்டாயமாயிற்று. கேபிளுக்கு நிலையான 50 சொச்சம் ஓம். ஆன்டெனாவும் அதே எண்ணைக் காட்டினால் ஆற்றல் முழுக்கப் போகும். இல்லாவிட்டால் ஒரு பங்கு திரும்பி வரும், கேபிளில் நிலையலை எழும். அதை அளக்கும் விகிதம்தான் எஸ்.டபிள்யூ.ஆர். லூ மெக்காய் 1956 அக்டோபரில் ‘க்யூ.எஸ்.டி.’யில் ‘மோனிமேட்ச்’ என்ற பெட்டியை அறிமுகம் செய்தார். சில டாலர் சாமான்களில் வீட்டிலேயே செய்துகொள்ளலாம், அலைபரப்பிக்குப் பக்கத்தில் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும், ஏணி வேண்டாம். 1959 ஏப்ரலில் காலின்ஸ் நிறுவனத்தின் வாரன் புருய்ன் அதே இதழில் இன்னும் நம்பகமான சுற்றை விளக்கினார். இன்று விற்கும் எத்தனையோ எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர்களின் வயிற்றில் இருப்பது அதன் வாரிசு.

ஆம்பியர் பெருமையின் இடத்தை எஸ்.டபிள்யூ.ஆர். பிடித்தது. இந்த முறை அது கிட்டத்தட்ட மதமாகவே ஆகிவிட்டது. 1:1 வராதவர் ஊருக்குச் சொல்லக் கூசினார். திரும்பி வரும் ஆற்றல் அலைபரப்பியை எரித்துவிடும் என்ற நம்பிக்கை பரவியது. விகிதம் குறைவென்றால் கம்பி சுருதியில் இருக்கிறது என்று தீர்ப்பாயிற்று. இரண்டுமே அப்படியே உண்மையல்ல.

மறுத்து எழுத ஆள் வந்தார். ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் டைரோஸ் வானிலைச் செயற்கைக்கோளின் ஆன்டெனாவில் பணியாற்றிய வால்டர் மேக்ஸ்வெல், 1973 முதல் ‘க்யூ.எஸ்.டி.’யில் ஒரு நெடுந்தொடர் எழுதினார். திரும்பி வரும் ஆற்றல் பொருத்தும் சுற்றில் மோதி மறுபடி ஆன்டெனாவை நோக்கியே போகிறது. இழப்பு என்பது கேபிள் தானே தின்பது மட்டும் என்பது அவர் வாதம். எண்ணில் பார்த்தால் விளங்கும். 7 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டர் நீளமுள்ள தடித்த கோ-ஆக்சியல் கேபிளில் எஸ்.டபிள்யூ.ஆர். 3 ஆனாலும், கூடுதல் இழப்பு அரை டெசிபெல்லைத் தொடாது. மறுமுனையில் கேட்பவரின் காதுக்கு அது தெரியவே தெரியாது. இதைவிட வேடிக்கை: மழைநீர் புகுந்து இற்றுப்போன கேபிளில் எஸ்.டபிள்யூ.ஆர். அருமையாகத் தெரியும். திரும்பி வர வேண்டியதையும் கேபிளே தின்றுவிடுகிறதே! எண்ணெய் நிரப்பிய டப்பாவுக்குள் 50 ஓம் தடையை வைத்து விற்ற ஹீத்கிட் ‘கேன்டெனா’வுக்கு எஸ்.டபிள்யூ.ஆர். ஏறக்குறைய 1:1. அது ஒரு வாட்டைக்கூட வானுக்கு அனுப்பாது, எண்ணெயைத்தான் சூடாக்கும்.

மேக்ஸ்வெல் சொன்னது சரி. ஆனால் அதே பத்தாண்டில் டிரான்சிஸ்டர் அலைபரப்பிகள் வந்து, விகிதம் 2ஐத் தாண்டியதும் தாமாகவே ஆற்றலைக் குறைத்துக்கொள்ளும்படி செய்யப்பட்டன. மதத்துக்கு ஒரு கோயிலும் கிடைத்துவிட்டது.

உண்மையான இம்பீடன்ஸைத் தேடியவர்களுக்கு அக்காலத்தில் கிடைத்தது இரைச்சல் பாலம். டையோடு ஒன்றிலிருந்து எழும் ‘ஷ்ஷ்’ இரைச்சலை ஆன்டெனாவுக்கும் இரண்டு குமிழ்களுக்கும் பகிர்ந்து கொடுத்து, தன் வானொலிப் பெட்டியில் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இரண்டு குமிழ்களையும் திருகத் திருக இரைச்சல் அடங்கும். முழு நிசப்தம் வந்த இடத்தில் ஒரு குமிழ் மின்தடையையும் மற்றது மின்மறுப்பையும் சொல்லும். பேசுவதற்காக வாங்கிய பெட்டியில் மௌனத்தைத் தேடிய கருவி இது ஒன்றுதான்.

1990களில் மிசிசிப்பி மாநிலத்தின் ஸ்டார்க்வில்லில் மார்ட்டின் ஜூ நடத்திய எம்.எஃப்.ஜே. நிறுவனத்தின் 259 வரிசை அனலைசர் வந்ததும் ஏணியும் காதும் ஓய்ந்தன. 259பி மாதிரிக்குப் பத்து பேட்டரி. கேபிளைச் செருகி, குமிழைத் திருகினால் அதிர்வெண், எஸ்.டபிள்யூ.ஆர்., மின்தடை, மின்மறுப்பு நான்கும் கண்ணெதிரே. அதற்கும் இரண்டு பலவீனங்கள். பக்கத்தில் ஒலிபரப்புக் கோபுரம் இருந்தால் அதன் அலை உள்ளே புகுந்து எண்களைக் குழப்பும். மின்மறுப்பு எத்தனை ஓம் என்று சொல்லும், கூட்டலா கழித்தலா என்று சொல்லாது. கம்பி நீளமா குட்டையா என்று தெரிய அந்த ஒரு குறிதான் வேண்டும். குமிழைச் சற்றே மேலே திருகி, எண் கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்து ஊகித்துக்கொள்வார்கள்.

அந்தக் குறியையும் சேர்த்துக் காட்டும் நெட்வொர்க் அனலைசர்கள் 1960களிலிருந்தே ஆய்வகங்களில் இருந்தன. விலை பல்லாயிரம் டாலர். ஜப்பானிய ஹாம் ஒருவர் வடிவமைத்த நேனோ வி.என்.ஏ., 2019இல் சீனத் தயாரிப்பாக ஏறக்குறைய 50 டாலருக்குச் சந்தையில் இறங்கியது. உள்ளங்கையளவுத் திரை, அதில் ஸ்மித் வரைபடமே ஓடுகிறது. கவராயத்தால் சுற்றியதை இப்போது ஒளிப்புள்ளி சுற்றுகிறது. சென்னையிலோ கொழும்பிலோ கல்லூரிப் பையனும் அதை வாங்கி மொட்டைமாடிக்குக் கொண்டுபோகலாம். எம்.எஃப்.ஜே. 2024 மே மாதத்தில் தன் ஸ்டார்க்வில் ஆலையில் உற்பத்தியை நிறுத்தியது.

புதிதாக வாங்குகிறவர்கள் முதல் நாளே செய்யும் பிழை ஒன்று உண்டு. பெட்டியின் வாயிலேயே அளவைச் சரிபார்த்துவிட்டு, 20 மீட்டர் கேபிளின் இந்த முனையில் நின்று, தெரிவது ஆன்டெனாவின் இம்பீடன்ஸ் என்று நம்பிவிடுகிறார்கள். தெரிவது கேபிள் உருமாற்றிய இம்பீடன்ஸ். திறந்த முனை, குறுக்குச்சுற்றிட்ட முனை, 50 ஓம் என்ற மூன்று சோதனைகளையும் கேபிளின் மறுமுனையில் வைத்துச் செய்ய வேண்டும். இன்னொன்று: 468ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அரையலைக் கம்பியின் நீளம் அடியில் வரும் என்று ஹாம் உரிமத் தேர்வுக்குப் படித்திருப்பீர்கள். 7.1க்கு அது 66 அடிக்குச் சற்றே குறைவு. உங்கள் மாடியின் இரும்புக்கம்பிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் அந்தச் சூத்திரம் தெரியாது. ஆகவே இரண்டு அடி கூடுதலாகவே வெட்டுங்கள். மிஞ்சிய நுனியை மடித்துக் கட்டி ஏற்றுங்கள். ஏற்றிய உயரத்திலேயே அளந்து, பிறகு கட்டிங் பிளையரை எடுங்கள்.